உப்புப் பூத்த வளைவு

நான் பிளஸ் ஒன் படித்த வருடம், பழவேற்காட்டில் நடந்தது இது. தை மாதம். ஏரி மேல் பனி இறங்கியிருக்கும். விடிந்த பிறகும் படகுகள் கனவில் வருவதுபோல் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் நிற்கும். இப்போது நினைத்தாலும் அந்த வாரம் முழுக்க எனக்குப் பனிக்குள்தான் தெரிகிறது.

எங்கள் வீடு கோட்டைக்குப்பத்தில். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டினார். ஏலம் முடிந்ததும் மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பொன்னேரிக்குப் போவார். அப்படிப் போன ஒரு விடியற்காலையில், டச்சுக் கல்லறை தாண்டி வரும் வளைவில், சந்திலிருந்து வெளியே வந்த ஒரு காரில் வண்டி மோதிவிட்டது. காரில் இருந்த ஒரு அம்மாவுக்குக் கை உடைந்தது. அவர்கள் பக்கத்து ஊரில் நெல் பயிரிடுகிற குடும்பம்.

கேஸ் வேண்டாம், பேசிக்கொள்ளலாம் என்று இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்தார்கள். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. அம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றி, கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. "வேகமா வரலைன்னு அணைச்சிட்டுப் போ" என்றார்கள். நைனா மாட்டேன் என்றுவிட்டார்.

"மீட்டர் முள்ளு வேலை செய்யல. இன்னா ஸ்பீடுல வந்தேன்னு எனக்கே தெரியாது. தெரியாதத எப்படி சத்தியம் பண்றது?"

அவ்வளவுதான். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம் என்று ஊரே பேசியது. வெள்ளிக்கிழமைக்குள் சத்தியம் செய்யாவிட்டால் இனி ஊர் லோடு அவருக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். "இந்த மனுஷனுக்கு ஒரு கற்பூரத்த அணைக்க இம்மாம் யோசனை" என்று அம்மா பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் நைனா மேல் கோபம்தான். லோடு போனால் என் படிப்பும் அதோடு போகும்.

அந்த வாரம்தான் இயற்பியல் மிஸ் உராய்வுப் பாடம் எடுத்தார். பெஞ்சு மேல் பொம்மைக் கார்களை மோதவிட்டுக் காட்டினார். டயர் தேய்த்த கோட்டின் நீளமும், ரோடு எவ்வளவு பிடிக்கிறது என்பதும் தெரிந்தால் வண்டியின் வேகத்தைக் கண்டுபிடித்துவிடலாமாம். நிஜமாக நடந்த விபத்து ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்றார். யோசிப்பதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

மிஸ் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "கணக்கு உங்க அப்பா பக்கம்தான் வரும்னு சொல்ல முடியாதும்மா. பரவாயில்லையா?" தலையாட்டினேன்.

மதியம் வகுப்பே வளைவுக்குப் போனது. நைனா வண்டியின் டயர்க் கோட்டுக்கு இரு முனையிலும் பெரியவர்கள் சுண்ணாம்பு போட்டு வைத்திருந்தார்கள். அளந்தோம். ஒரு பழைய டயர்த் துண்டில் செங்கல் வைத்துக் கட்டி, மீன் எடை போடும் கொக்கித் தராசால் ரோட்டில் இழுத்தோம். முள் விறுவிறுவென்று ஏறியது. காரின் கதவு நெளிந்ததற்கும் சேர்த்துப் போட்டால் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகம் வந்தது. அந்தக் குறுகல் வளைவுக்கு அது கொலை வேகம். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் குனிந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வராமல் இருக்கத்தான். அப்போதுதான் கவனித்தேன், தாரில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தினமும் விடியற்காலையில் லோடு வண்டிகள் வரிசையாக அந்த வளைவில்தான் திரும்பும். பெட்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர், மீன் கொழகொழப்போடு ஒழுகிக்கொண்டே போகும். வெயில் ஏறினால் காய்ந்து உப்பு மட்டும் நிற்கும். நாங்கள் அளந்தது மதியத்து ரோட்டை. நைனா போனது வேறு ரோட்டில்.

"மிஸ், காலையில ஒரு தடவ இழுத்துப் பார்க்கலாமா?"

மறுநாள் மிஸ் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். பனிக்குள் இரண்டு பக்கமும் பிள்ளைகள் நின்று வண்டிகளை நிறுத்தினார்கள். தூரத்தில் நாரைகள் இருப்பது சத்தத்தில்தான் தெரிந்தது. தராசைப் பிடித்து இழுத்தேன். டயர் வழுக்கிக்கொண்டு தானாக என் பின்னால் வந்தது. முள் பாதிகூட ஏறவில்லை. வழுக்கலில் மெதுவாக வந்த வண்டியும் அத்தனை நீளத்துக்குத் தேய்த்துக்கொண்டு போகும். அப்படிப் போட்ட கணக்கில் வேகம் நாற்பதைத் தொடவில்லை; எல்லா லோடு வண்டியும் அங்கே வருகிற வேகம்தான். மிஸ் மூன்று முறை இழுக்கச் சொன்னார். மூன்று முறையும் அதேதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் நைனா வண்டி கழுவிக்கொண்டிருந்தார். முதலில் வந்த ஐம்பத்தைந்தையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். வாளியைக் கீழே வைத்தார்.

"அந்த அம்பத்தஞ்சே நின்னுருந்தா ஊருக்கு இன்னா சொல்லியிருப்ப பாப்பா?"

"அதையேதான் சொல்லியிருப்பேன் நைனா."

துணியைப் பிழிந்து வண்டிக் கதவில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "அப்ப நாளைக்கு அணைக்கிறேன்" என்றார்.

அணைத்தார். உடைந்த கையோடு வந்திருந்த அந்த அம்மா, போதும் என்பதுபோல் தலையை அசைத்தார். ஐஸ் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் வண்டி கிளம்ப வேண்டும் என்று அன்றைக்கே ஊர்க்கட்டு போட்டார்கள்.

இன்றைக்கும் யாராவது யாரைப் பற்றியாவது குறை சொன்னால், நான் சட்டென்று ஒன்றும் சொல்வதில்லை. அந்த நேரத்தில் அவர் போன ரோடு எப்படி இருந்ததோ என்றுதான் மனசு முதலில் கேட்கிறது.