அம்மா கார் பார்த்த மழைக்காலம்

கல்கத்தாவில் பனி கொட்டாது. இது தெரிந்திருந்தும், பனியில் ஓடக்கூடிய காரைத் தேடி ஒரு மழைக்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்பிய குடும்பம் காளிகாட்டில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அப்போது எனக்கு எட்டு வயது. கார் என்றால் ஹாரன், ஹாரன் என்றால் கார் என்ற அளவில் என் ஞானம் இருந்தது.

அப்பா கணக்கு இலாகாவில் சூப்பரிண்டெண்ட். பூஜை விடுமுறை முடிந்ததும் சிம்லாவில் போய்ச் சேர வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது, பதவி உயர்வோடு. வெயில் காலத்தில் மலையேறும் பெரிய துரைகள் குளிர் வந்தால் கீழே இறங்கிவிடுவார்கள். அப்பாவின் பிரிவு மட்டும் வருஷம் முழுக்க அங்கேயே இருக்கும். காகிதங்களுக்குக் குளிராது என்பதால் அவற்றோடு இருப்பவர்களுக்கும் குளிராது என்று சர்க்கார் முடிவு செய்திருந்தது. பிற்காலத்தில் நானும் முப்பது வருஷம் பணிவிதிகளோடு குடித்தனம் நடத்தியவள். அதனால் சொல்கிறேன், அதைவிட அபத்தமான முடிவுகளும் உண்டு. எல்லாவற்றுக்கும் கீழே ஒழுங்காகக் கையெழுத்து இருக்கும்.

என் தம்பிக்கு நாலு வயது. அவனுக்கு இழுப்பு. ஈரக்காற்று பட்டால் போதும், நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம் கேட்கும், உதடு நீலம் பாரிக்கும். ஒவ்வொரு தடவையும் டாக்டர் வீட்டுக்குக் குதிரை வண்டி பிடித்து ஓடுவது எங்கள் வழக்கம்.

அம்மா சிம்லாவுக்கு வர முடியாது என்று சொல்லவில்லை. அவள் எதற்கும் முடியாது என்று சொன்னதே இல்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைப்பாள்.

"அங்கே முழங்கால் உயரத்துக்குப் பனி விழுமாமே. குழந்தைக்கு மூச்சு முட்டித்துன்னா எதுல தூக்கிண்டு போவேள்? குதிரை வழுக்கி விழுந்துடும். சொந்தமா ஒரு மோட்டார் இருந்தா வரேன். இல்லேன்னா நானும் குழந்தைகளும் கும்பகோணத்துல எங்க அண்ணாகிட்ட இருக்கோம். நீங்க மட்டும் போயிட்டு வாங்கோ."

போயிட்டு வாங்கோ என்பதை ஏதோ கறிகாய் வாங்கப் போவதுபோல் சொன்னாள். அந்தப் பதவியில் குறைந்தது மூன்று வருஷம் இருந்தாக வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும். நாங்கள் பிரியப்போகிறோம் என்பது எனக்கு அந்த அளவில் புரிந்தது. ராத்திரி தலையணையைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அப்பா கோபப்படவில்லை. கோப்பில் வரும் எந்த ஆட்சேபணைக்கும் உடனே ஆத்திரப்படக் கூடாது, வரிசையாகப் பதில் எழுத வேண்டும் என்பது அவர் கொள்கை.

"சரி, வாங்குவோம். ஆபீஸ்ல முன்பணம் தருவா. எது வேணும்னு நீயே பார்த்துச் சொல்லு. நன்னா வேகமாப் போகணும், நடுவழியில நிக்கப்படாது, பனியில வழுக்கப்படாது. நீ சரின்னு சொல்ற வரைக்கும் நான் வாயைத் திறக்கமாட்டேன்."

இப்படித்தான் நாங்கள் கார் பார்க்க ஆரம்பித்தோம். பெண் பார்ப்பதுபோலத்தான். ஒரு வித்தியாசம், பெண் நம் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும், பஜ்ஜி சொஜ்ஜி நாம் கொடுக்க வேண்டும். கார் விற்கும் கம்பெனியின் வங்காளி பாபு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காரை ஓட்டிக்கொண்டு வருவார். அம்மாவை 'மா' என்று அழைப்பார். அம்மா அவருக்கு ரவா கேசரி கொடுத்துவிட்டு, நாங்கள் மாஷிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அம்மாளிடம் கற்ற வங்காளியில் குறுக்கு விசாரணை செய்வாள். சக்கரம் ஏன் இத்தனை ஒல்லியாக இருக்கிறது? மேல்கூரை துணிதானே, பனி விழுந்தால் கிழியாதா? பின்சீட்டில் ஒரு குழந்தையைப் படுக்க வைக்க முடியுமா? பாபு பதில் சொல்லி முடித்ததும் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டு, "சோல்பே நா" என்பாள். சரிப்படாது என்று அர்த்தம். பாபு அடுத்த வாரம் வேறு காரோடு வருவார்.

முதல் கார் டாலிகஞ்ச் ரஸ்தாவில் எங்களை ஏற்றிக்கொண்டு பறந்தது. இருபக்கமும் தென்னையும் குளமும். டிராம் ஒன்றை முந்தியபோது நான் கத்தினேன். அப்பா தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவாப் போகச் சொல்லட்டுமா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"வேண்டாம். இன்னும் கொஞ்சம் வேகமாப் போகச் சொல்லுங்கோ."

அம்மாவின் கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் அடித்தது. அதை அவள் ஒதுக்கிவிடக்கூட இல்லை. வீட்டுக்கு வந்ததும் இறங்கி, முடியை முடிந்துகொண்டு, "சோல்பே நா. ரொம்பக் குலுக்கறது" என்றாள்.

இரண்டாவது காரைச் சோதித்தது மாமா. மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில் தங்கி சட்டம் படித்துக்கொண்டிருந்தார், முதல் வருஷத்தை இரண்டாம் முறையாக. உலகத்தில் அவருக்குத் தெரியாதது பரீட்சைக் கேள்விகள் மட்டுந்தான்.

"அக்கா, குளிர்ல இன்ஜின் உறைஞ்சு போயிடும். அதைப் பார்க்காம கார் வாங்கினா நடுத்தெருவுல நிக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு, மரத்தூள் ஒட்டிய இரண்டு பெரிய ஐஸ் பாளங்களைக் கூலியாள் தலையில் ஏற்றிக் கொண்டுவந்தார். காரின் மூக்கின் மேல் கோணியை விரித்து அவற்றை வைத்தார். தெருவே கூடிவிட்டது. பாபுவின் முகம், தன் பெண்ணின் பல்லை எண்ணுகிற சம்பந்தியைப் பார்ப்பவர் முகம்போல் ஆயிற்று. ஐஸ் கரைவதற்குள் தெருப்பிள்ளைகள் பாதியை உடைத்துத் தின்றுவிட்டார்கள். கடைசியில் பாபு முன்னால் போய் இன்ஜினைக் கிளப்பும் கைப்பிடியை ஒரே சுழற்று சுழற்றினார். இன்ஜின் உடனே உறுமியது. தெரு முழுக்கக் கைதட்டல்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா யோசித்தாள்.

"குளிருக்குச் சரி. வழுக்கலுக்கு?"

"அதுக்கு டாக்குரியா இருக்கே!" என்றார் மாமா.

டாக்குரியா பக்கம் அப்போது பெரிய ஏரி ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மழையில் அந்தக் களிமண் வெண்ணெய்போல் ஆகியிருந்தது. பனி என்பது வெள்ளைக் களிமண், களிமண் என்பது கறுப்புப் பனி என்று மாமா நிறுவினார். பனியைக் கண்ணால் கண்டவர் யாரும் இல்லாததால் எதிர்வாதம் எழவில்லை.

அடுத்த ஞாயிறு அதே காரில் போனோம். ரயில் கேட்டைத் தாண்டி, வண்டித்தடம் முடிந்து, மண்மேடுகளுக்கு நடுவே பாபு ஓட்டினார். கொஞ்ச தூரம் கார் கௌரவமாகத்தான் போயிற்று. பிறகு பின்பக்கம் எருமைபோல் ஒருபுறம் சாய்ந்து சரிந்து, சக்கரம் பாதிவரை புதைந்து நின்றது. பாபு வேகத்தைக் கூட்டக் கூட்ட, சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று எங்கள் மேல் சேற்றை வாரியடித்தது. மாமா இறங்கித் தள்ளப் போய் உட்கார்ந்த நிலையில் சறுக்கிப் பள்ளத்தில் போய் நின்றார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. துணிக்கூரை வழியாகத் தண்ணீர் எங்கள் மேல் கொட்டியது.

தம்பியின் நெஞ்சில் பூனைக்குட்டி கத்த ஆரம்பித்தது.

அம்மா அவனை நிமிர்த்தி உட்கார வைத்து முதுகைத் தடவினாள். சத்தம் மெலிந்தது. மெலிந்தால் காற்றே உள்ளே போகவில்லை என்று அர்த்தம், அது கெட்டது என்பது எங்கள் வீட்டில் எனக்குக்கூடத் தெரியும். பாபு பதறிப்போய், "மா, கிராமத்துக்குப் போய்க் காரை இழுக்க மாடு பிடித்து வருகிறேன்" என்று வங்காளியில் என்னென்னவோ சொன்னார். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

அப்பா ஞாயிற்றுக்கிழமைகூடக் கோட்டும் தலைப்பாகையும் பூட்ஸும் இல்லாமல் வாசல் தாண்டாதவர். படியேறும்போதும் ஒவ்வொரு படிக்கும் உரிய மரியாதை கொடுத்து ஏறுபவர். அவர் தலைப்பாகையை எடுத்து சீட்டில் போட்டார். பூட்ஸைக் கழற்றி எறிந்தார். கோட்டைக் கழற்றித் தம்பியை அதில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். பஞ்சகச்சத்தைத் தொடைக்கு மேலே இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினார்.

அப்பா ஓடி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வழுக்கி ஒருமுறை விழுந்தார். விழும்போது முழங்கையையும் முகத்தையும் மண்ணுக்குக் கொடுத்தாரே தவிர, கைகளை விரிக்கவில்லை. எழுந்து மறுபடியும் ஓடினார். மழைக்குள் அவர் தலை ரயில் கேட் பக்கம் போய் மறைந்தது. அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்தபடி பின்னாலேயே நடந்தாள்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வங்காளி டாக்டரின் மருந்துக்கடை இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஊசி போட்டு முடிந்திருந்தது. தம்பி பெஞ்சில் சாய்ந்து, ஊசிக்கு ஈடாக டாக்டர் கொடுத்த சந்தேஷ் இனிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அடங்கி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான். அப்பா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். கால்விரல் ஒன்றில் ரத்தம். தலைமுதல் கால்வரை களிமண். எங்கள் சூப்பரிண்டெண்டை யாராவது பொம்மை செய்யத் தொடங்கிப் பாதியில் விட்டுப்போனதுபோல் இருந்தது.

அம்மா உள்ளே போய்த் தம்பியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வெளியே வந்து, தெருவில் ஜனங்கள் போய்வந்துகொண்டிருக்க, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்து மண்ணைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தாள். எங்கள் வீட்டில் நாலு பேர் எதிரில் அப்பா அம்மாவைப் பெயர் சொல்லி அழைப்பதுகூடக் கிடையாது.

மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது, "எப்போ கிளம்பணும்? கம்பளிநூல் வாங்கணுமே" என்றாள் அம்மா.

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "காரே வாங்கலையே, அக்கா?"

"கார் சோல்பே நா. தூக்கிண்டு ஓடத்தான் ஆள் இருக்கே."

அப்பா தொண்டையைக் கனைத்தார். கோப்பின் முதல் பக்கத்தில் எழுத வேண்டியதைக் கடைசிப் பக்கம்வரை எழுதாமல் விட்டவரின் கனைப்பு அது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த ஊர்ல லாட் துரைக்கும் இன்னும் ஓரிரண்டு பேருக்கும் தவிர வேற யாருக்கும் ஊருக்குள்ள கார் ஓட்ட அனுமதி கிடையாது. ஆள் இழுக்கற ரிக்ஷாதான்."

"தெரியும்" என்றாள் அம்மா. "மாஷிமாவோட மாப்பிள்ளை அங்கேதானே இருக்கார். நான் கார் வேணும்னு சொன்னதுக்கு முதல் நாளே மாஷிமா சொல்லிட்டா."

"அப்போ நான் எதுக்கு ஐஸ் சுமந்தேன்?" என்று கேட்டார் மாமா.

"நீ எங்கடா சுமந்தே? கூலியாள்னா சுமந்தான்."

மாமா எழுந்து போய்விட்டார். அனுமதி கிடைக்காது என்று இரண்டு மேஜைக்கும் தெரிந்த கோப்பு ஒன்று மேஜைக்கு மேஜை போய்க்கொண்டே இருப்பதை நான் பின்னாளில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் நமக்குக் கார் இல்லை, இனி ஹாரன் இல்லை என்பதுதான். எனக்கு ஆத்திரமாக வந்தது. எல்லாக் காரும் பெயிலான பிறகு, ஒரு காரும் இல்லாத ஊருக்கு, இவள் எதற்காக இத்தனை சந்தோஷமாகக் கிளம்புகிறாள்?

"அப்புறம் எதுக்கு நாம கார் பார்த்தோம்?" என்று கேட்டேன்.

"கம்பளிச் சட்டைக்கு அளவெடுக்கணும். எல்லாரும் வரிசையா வந்து நில்லுங்கோ" என்றாள் அம்மா. அப்பா முதலில் போய் நின்றார். அம்மா ஜாணை விரித்து அவர் தோளை அளந்தாள். கணக்குத் தவறிவிட்டதாகச் சொல்லி மறுபடியும் அளந்தாள். முதுகை அளந்தாள். மறுபடியும் தோளுக்கே வந்தாள். அப்பா அசையாமல் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

ஒரு தோளை அளக்க அவ்வளவு நேரம் ஆகாது, என் முறை வருவதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும் என்பதுதான் அன்றைக்கு எனக்கு இருந்த குறை.