தெள்ளார் வேனோடு போன எண்

கேபிள்காரர் மேல் எனக்கு வந்த கோபம் நியாயமானது என்று நெடுநேரம் நம்பியிருந்தேன். அவர் மாட்டிய பெட்டியை நம்பாமல், பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, வீட்டு இன்டர்நெட்டை அதன் வழியாகத் திருப்பிய மேதை நான். வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு போனுக்கும் ஓர் எண் கொடுத்தால்தான் இன்டர்நெட் வரும். கொடுக்கும் வேலைக்கு டிஹெச்சிபி என்று பெயர். வீட்டில் இருப்பதே ஐந்து கருவி. பத்து எண் தாராளம் என்று எழுதினேன். ஒருமுறை கொடுத்தால், ஆள் வெளியே போனாலும் ஒரு வாரத்துக்கு அந்த எண் அந்தப் போனுக்கே. பந்தியில் இலை போடுகிறவனுக்குக்கூட இத்தனை மிதப்பு இருக்காது.

வீட்டிலேயே பட்டுப்புடவை விற்கும் என் மனைவி, பத்து நாள் போளூரில் அம்மா வீட்டில் இருந்தாள். அவள் திரும்புவதற்கு முந்தைய நாள், தெள்ளாரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் முகூர்த்தப் புடவை எடுக்க வந்தார்கள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது வழக்கம். இப்போது வைஃபை பாஸ்வேர்டும். வராத சொந்தக்காரர்களுக்குப் போட்டோ அனுப்பி, அவர்கள் தலையசைக்காமல் எந்தப் புடவையும் முடிவாகாது. நானே சீட்டில் எழுதி விநியோகித்தேன். நான் விரித்துக் காட்டிய லட்சணத்துக்கு ஒன்றும் எடுக்காமல் போனார்கள்.

மறுநாள் சிங்கப்பூரிலிருந்து ஒரு மணப்பெண் சாப்பாட்டு இடைவேளையில் வீடியோவில் புடவை பார்ப்பதாக ஏற்பாடு. விட்டால் காஞ்சிபுரத்தில் எடுத்துவிடுவார்கள். எங்கள் சிம்முக்கு வீட்டுக்குள் சிக்னல் கிடையாது, வைஃபைதான் கதி. மனைவியின் போனில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

வாசலுக்குப் போய், கேபிள்காரரைப் போனில் வறுத்தெடுத்தேன். பக்கத்துத் தெருவில் இருந்தவர் வந்து, பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“லைன் நல்லாத்தான் வருதுண்ணே. நடுவுல நீங்கதான் மறிச்சிகினு இருக்கீங்க.”

பொங்கிவிட்டேன். நிரூபிக்கிறேன் பார் என்று எண் கொடுத்த பட்டியலைத் திறந்தேன். பத்தும் தீர்ந்திருந்தன. நான்கு எங்களுடையவை. ஆறு, தெள்ளார்க்காரர்களுடையவை. மனைவி ஊரில் இல்லாத வாரத்தில் காலாவதியான அவள் எண்ணையும் அவர்களில் ஒருவர் பிடித்திருந்தார். ஒரு ஜாக்கெட் துணிகூட வாங்காதவர்கள், ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் என் வீட்டில் குடியிருந்தார்கள்!

நான் இருநூறு எண், ஒரு மணி நேரம் என்று மாற்றி எழுதி, ஒரு புள்ளியை விட்டதால் அது ஓடாமல், திரும்ப எழுதி முடிப்பதற்குள், கேபிள்காரர் வேறு கம்பெனி சிம் போட்ட தன் போனிலிருந்து மனைவிக்கு ஹாட்ஸ்பாட் கொடுத்துவிட்டார். மணப்பெண் அரக்குச் சிவப்பை எடுத்தாள்.

நியாயமாக எனக்குத்தானே காப்பி வரவேண்டும்? அவருக்கு வந்தது.

போன வாரம் வாசலில் இன்னொரு வேன் நின்றது. மனைவி புடவைக் கட்டைப் பிரிக்குமுன் என் பக்கம் திரும்பினாள்.

“இன்னாங்க, பதினாலு பேர் எறங்கறாங்க. நம்ம ஊட்ல எனக்கு எடம் இருக்குமா?”