விடியும்வரை ஒரு மெமரி கார்டு

மின்வெட்டு நாளில் பாதியைத் தின்ற வருடங்கள் அவை. தலைப்பிரசவத்துக்காகத் தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த தங்கை, துணிப்பையோடு ஒரு குட்டிக் கணினியையும் கொண்டுவந்தாள். உள்ளங்கை அகலம்தான். விசிறி இல்லை, சத்தம் இல்லை. வளைகுடாவிலிருந்து அவள் கணவர் கொடுத்தனுப்பியது. அவர் வேலை செய்த இடத்தில் போட்டோ அனுப்பிப் பார்க்கும் தளங்களையெல்லாம் அடைத்து வைத்திருந்தார்கள். வீட்டில் இந்தக் கணினியையே சர்வராக்கி, பிள்ளையின் படத்தை அதில் வைத்தால் அது மட்டும் அங்கே திறக்கும். ஆனால் அவருக்கு இரவு வேலை. அலுவலகக் கணினி எப்போது சும்மா கிடக்கும் என்று அவருக்கே தெரியாது. ஆகவே எங்கள் சர்வர் இரவு முழுக்க விழித்திருக்க வேண்டும். விழித்திருந்தால் தகப்பன் பிள்ளையைப் பார்ப்பார். இல்லையென்றால் அன்றைக்கு இல்லை.

மாடியில் ஒரு சோலார் பேனல், கீழே ஒரு பேட்டரி. இருந்தது அவ்வளவுதான்.

என் பழைய கம்ப்யூட்டரின் பெரிய ஹார்ட் டிஸ்க்கை, படங்களை வைக்கக் கழற்றிக் கொடுத்தேன். பாதியில் விட்ட கவிதைகள், அலைந்து அலைந்து பதிந்த மழைச் சத்தங்கள், எல்லாம் அதில்தான். எல்லாமே விழித்திருக்கட்டும் என்று எனக்கு ஆசை. அவள் அதைச் சுற்றவிட்டு, காய்ச்சல் பார்ப்பதுபோல மேலே கைவைத்தாள்.

"அண்ணா, சுடுது பாத்தியளா? நம்ம வெயிலு எல்லாம் இஞ்ச சூடாப் போவுது. யாரும் கேக்காட்டாலும் இது கறங்கிக்கிட்டே இருக்கும்."

"ஏட்டி, எனக்க எழுத்து முழுக்க அதுலயாக்கும் இருக்கு."

"இருக்கட்டும். விடியமுன்ன யாரு வந்து அத வாசிக்கப் போறா?"

அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "பகல்லயே யாரும் வாசிக்கல்ல மக்களே."

தங்கை தேர்ந்தெடுத்தது கேமராவில் போடும் மெமரி கார்டு. நகம் அளவுதான். அதில் சுற்றுகிற பொருள் எதுவும் இல்லை. தொட்டால் சில்லென்று இருந்தது. ஆனால் அதற்கும் ஒரு நோவு உண்டு. திரும்பத் திரும்ப எழுதினால் தேய்ந்து போகும். கணினியோ ஓயாமல் தனக்குத்தானே குறிப்பெழுதும் சாதி, என்னைப் போல. அந்தக் குறிப்புகள் கார்டைத் தொடாதபடி அவள் மாற்றி வைத்தாள். நாளுக்கு ஒரு படம் மட்டும் கார்டில் ஏறும். உடைந்த லேப்டாப்பிலிருந்து எடுத்த சின்ன டிஸ்க் ஒன்று உச்சிவெயிலில் எழுந்து, அதற்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு திரும்பத் தூங்கிவிடும். வெயிலில் எழுத்து, இருட்டில் வாசிப்பு. ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்று சொல்ல எத்தனை பெரிய மனது வேண்டும்! நான் அடுக்கி அடுக்கித் தீராத இடத்தில் அவள் ஒற்றை முகத்தை வைத்தாள். அந்தச் சிக்கனத்தின் அழகில் சொக்கிப்போய் நின்றேன்.

பிள்ளை பிறந்தது. படம் பார்த்ததும் அவர் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அதுதான் ஏற்பாடு.

ஆடியில் மழை பிடித்துக்கொண்டது. பேட்டரி நாளுக்கு நாள் இளைத்தது. ஒருநாள் வெயில் முகம் காட்டியது. அன்றுதான் பிள்ளை முதன்முதலாகக் குப்புற விழுந்தது. தலையைத் தூக்கி, உலகத்தையே பிடித்துவிட்டதுபோல் பார்த்தது. தங்கை படம் எடுத்தாள். குப்புற விழுந்தால் கொழுக்கட்டை அவிக்க வேண்டும். அம்மா அரிசி களைந்தாள்.

சாயங்காலம் பார்த்தால் பேட்டரி ஏறவே இல்லை. மாடிக்கு ஓடினோம். எங்கள் ஊரில் சூரியன் உச்சியோடு நடப்பதால் பேனலைக் கிட்டத்தட்டப் படுக்கப் போட்டிருந்தோம். அதன்மேல் வெள்ளை வேட்டி. வேட்டி நிறையப் பச்சரிசி.

"நல்ல மொழுமொழுன்னு சூடாக் கெடந்துது. எறும்பும் ஏறல்ல. சும்மாக் கெடக்குதேன்னு விரிச்சேன்" என்றாள் அம்மா.

"அம்மா, அது வெயிலு குடிக்கிய பலகையாக்கும்!"

"அரிசி குடிச்சா என்ன, பலகை குடிச்சா என்ன? எல்லாம் பிள்ளைக்குத்தானே!"

கத்தப்போன நான் தங்கையைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்தபடியே இறங்கி வந்து தூங்கும் டிஸ்க்கைப் பிடுங்கினாள். அதே பேட்டரியில் எரியும் என் மேசை விளக்கையும் பிடுங்கினாள்.

"அண்ணா, இன்னைக்கு எழுதாண்டாம்."

இனி கணினி, கார்டு, மோடம் மட்டும். படத்தையும் சின்னதாக்கி வைத்தாள். "அப்பன் பாக்காம நான் அடுப்பு பத்த வைக்க மாட்டேன்" என்று அம்மா இடித்த மாவை மூடிவைத்தாள்.

வெளுக்கத் தொடங்கியபோது எழுந்து வந்தேன். ரப்பர் வெட்டப் போகிறவரின் சைக்கிள் தெருவில் கிரீச்சிட்டது. பேட்டரி தீரப்போகிறது என்று சிவப்பு விளக்கு. கரண்ட் இல்லை. போன் அடிக்கவே இல்லை என்று தங்கை தலையாட்டினாள். பிள்ளை அவள் தோளில் கிடந்தது. சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்போது கணினியின் ஓரத்தில் இருந்த பச்சைப் பொட்டு துடித்தது. கார்டை யாரோ வாசிக்கிறார்கள். துடித்தது, நின்றது. போன் ஒருமுறை அடித்து ஓய்ந்தது.

"பாத்தாச்சா?" அம்மா தீப்பெட்டியோடு வந்தாள்.

தங்கை பதில் சொல்வதற்குள் பச்சைப் பொட்டு மறுபடி துடித்தது. போன் இரண்டாவது தடவை அடித்தது. அது எங்கள் ஏற்பாட்டிலேயே இல்லாத மணி.

"திரும்பவும் பாக்கியாரு" என்றாள் தங்கை. அம்மா தீக்குச்சியைக் கிழித்தாள்.