முப்பத்தாறு கதைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்

சங்கரன்கோவிலில் என்னை எழுத்தாளர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கூட்டுறவுச் சங்கத்து கிளார்க் என்றால் தெரியும். கதை எழுதுகிறவர் நீங்கள்தானே என்று சந்தையில் யாராவது நிறுத்திக் கேட்க மாட்டார்களா என்று பல வருடம் மெதுவாக நடந்து பார்த்திருக்கிறேன். யூரியா வந்துவிட்டதா என்றுதான் கேட்டார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பெண் வீடு தேடி வந்து, என் சிறுகதைகளை எம்.ஃபில். ஆய்வுக்கு எடுத்திருப்பதாகச் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டம் அவளுக்குத்தான் என்றாலும், அந்த ஆய்வேடு வந்துவிட்டால் நான் எழுத்தாளன்தான் என்பதற்கு அச்சில் ஓர் அத்தாட்சி இருக்கும் அல்லவா?

அவளுக்குக் குருவிகுளம் பக்கம் ஒரு கிராமம். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து வருவாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "இயல் ஒன்று, வாழ்வும் பணியும்" என்று தொடங்குவாள். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தை மீறி அவர்களுக்கும் கேட்கட்டும் என்று நான் உரக்கவே பதில் சொல்வேன்.

"ஐயா, இளமையில வறுமை உண்டுமா?"

எங்கள் அப்பாவுக்குக் குளத்துப் பாசனத்தில் கொஞ்சம் வயல் இருந்தது. மூன்று வேளையும் சோறு இருந்தது. வறுமை இல்லை என்றதும் அவள் முகம் வாடிவிட்டது. பார்க்கப் பாவமாக இருந்ததால், "ஒரு வருஷம் மழை பொய்ச்சுது" என்றேன். ஆய்வேட்டில் அது 'பஞ்சத்தின் பிடியில் கழிந்த இளமை' என்று ஏறிவிட்டது. இரண்டு பக்கத்துக்கு மேல் இடமில்லை என்று பத்திரிகைக்காரர் சொன்னதால் வெட்டிச் சுருக்கிய கதைக்கு, 'சுருங்கச் சொல்லல் உத்தி' என்று பெயர் வைத்தாள். எனக்கு உத்தியெல்லாம் உண்டு என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மறுத்துச் சொல்லவில்லை.

பெண் பாத்திரங்கள் பற்றிய இயலை அவள் வாசித்துக் காட்டிய அன்று புல்லரித்துவிட்டது. 'இவர் படைத்த பெண்கள் பொறுமையின் வடிவங்கள். துன்பம் வரும்போது கதவைப் பற்றி நின்று கண்ணீர் உகுக்கின்றனர்' என்று எழுதியிருந்தாள். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். என் மனைவி உள்ளே உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். என் கையெழுத்து கோழி கிண்டிய மாதிரி இருக்கும் என்பதால், கல்யாணமானதில் இருந்து என் கதைகளை அழகாகப் படியெடுத்துத் தருவது அவள்தான்.

அந்த மகிழ்ச்சியில் வாய் சும்மா இருக்காமல், புதிதாக ஒரு கதை மனதில் ஓடுகிறது என்று சொல்லிவிட்டேன். ஆய்வு மாணவி பேனாவை மூடி வைத்தாள்.

"ஐயா, இப்போதைக்கு எழுதிராதீங்க."

"ஏம்மா?"

"முப்பத்தாறு கதைன்னு டைப் அடிச்சாச்சு. முன்னுரையில முப்பத்தாறு, அட்டவணையில முப்பத்தாறு. ஒண்ணு கூடுனாலும் விழுக்காடெல்லாம் மாறிரும். உசுரோட இருக்கவங்களை எடுத்தா இதுதான் தொல்லைன்னு நெறியாளர் சார் அன்னைக்கே சொன்னாங்க. இந்த வருஷம் நான் முடிக்கலைன்னா வீட்டுல மாப்பிள்ளை பாத்துருவாங்க ஐயா."

உயிரோடு இருப்பதற்காக மன்னிப்புக் கேட்கும் நிலைமையில் இருந்தேன். எழுதுவதில்லை என்று வாக்குக் கொடுத்தேன்.

ஆனால் கதைக்கு எம்.ஃபில். தெரியுமா? சங்கத்தில் உரச் சீட்டு எழுதும்போதும் அது வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. இரண்டு வருடத்துக்கு முன் வேறொருத்தியோடு போய்விட்ட தறிக்காரன், ஒரு மத்தியானம் திரும்பி வந்து, வாசலில் நின்று பெண்டாட்டியிடம் தண்ணீர் கேட்கிறான். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கண்ணீர் வழிகிறது. முடிந்தது கதை. எழுதி முடித்ததும் எனக்கு ஒரு யோசனை பிறந்தது. அதற்காக என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

"உன் பேர்ல அனுப்பிருவோம். முப்பத்தாறு முப்பத்தாறாவே இருக்கும்" என்றேன் மனைவியிடம்.

"என் பேர்லயா?" என்றாள். தாளை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு சரி என்றாள். அவளே படியெடுத்தாள், அவளே தபாலில் சேர்த்தாள்.

கதை ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. அது எங்கள் கைக்கு வரும் முன்பே, ஞாயிறு கூட இல்லாத ஒரு நாளில், ஆய்வு மாணவி அதைக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள். பெயருக்குக் கீழே ஊரும் போட்டிருந்தது. என்னைத் தாண்டி நேரே அடுப்படிக்குப் போனாள்.

"அக்கா, நீங்க எழுதுவீங்கன்னு சொல்லவே இல்லையே. கடைசி வரியைப் படிச்சுட்டு பஸ்ஸுல எந்திரிச்சே நின்னுட்டேன்."

நான் அடுப்படி வாசலில் அடக்கமாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். பாராட்டு வேறு பெயருக்குப் போனாலும் முகவரி நம்முடையதுதானே என்று நினைப்பு. அவள் அந்தக் கடைசி வரியை வாசித்தாள். தறிக்காரன் தண்ணீர் கேட்கிறான். பெண்டாட்டி செம்பை நீட்டிவிட்டு, "குடிச்சுட்டு எந்த பஸ்ஸுக்குப் போறிய?" என்று கேட்கிறாள்.

அது நான் எழுதிய வரி இல்லை.

"தப்பா எடுத்துக்கிடாதீங்க ஐயா. உங்க கதையில இப்படி ஒரு பொம்பளை கிடையாது. கதைக்கு ஒரு கார்டுன்னு முப்பத்தாறுக்கும் குறிப்பெழுதிப் பாத்திருக்கேன். எல்லாரும் கதவைத்தான் பிடிச்சுட்டு நிக்காங்க" என்றாள்.

போன மாதம் பொறுமையின் வடிவங்களாக இருந்தவர்கள் ஒரு நிமிடத்தில் கதவுக்கு முட்டுக்கொடுப்பவர்கள் ஆகிவிட்டார்கள். கதை என்னுடையது என்று சொன்னால் வாக்குத் தவறியவன் ஆவேன். அப்படியே சொன்னாலும், அவளை எழுந்து நிற்க வைத்த வரி என்னுடையது இல்லை. "ரொம்ப நல்ல வரி" என்றேன். வயிறு எரிந்தது. அந்த எரிச்சலிலும் அது நல்ல வரி என்று தெரிந்ததுதான் கொடுமை.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து மனைவியிடம் கேட்டேன்.

"ஏன் மாத்துன?"

"என் பேரைப் போட்டுட்டு அவ அழுதுட்டு நின்னா, படிக்கவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"இத்தனை கதை படியெடுத்தியே, அப்பெல்லாம் மாத்தணும்னு தோணலையா?"

"எல்லாக் கதைக்கும் தோணிச்சு" என்றாள். "அதெல்லாம் உங்க பேருல்லா, விட்டுட்டேன்."