முழுசாக ஒரு சின்ன கான்செர்ட்டோ

பெரியதில் ஒரு பகுதியை வாசி என்றார்கள். சின்னதை முழுவதும் வாசிக்கிறேன் என்றேன். நான் போட்ட சண்டை இவ்வளவுதான்.

கான்செர்ட்டோ என்பது ஒரு பியானோவும் ஓர் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கிற இசை. பெரும்பாலும் மூன்று பகுதிகள் இருக்கும். முதலாவது வேகம், நடுவில் நிதானம், கடைசியில் மறுபடி வேகம். சென்னையில் ஓர் ஆர்கெஸ்ட்ரா இளைஞர்களுக்கென்று தேர்வு வைத்து என்னை எடுத்திருந்தது. மேடையில் எனக்கு இருபது நிமிடம். பேர்பெற்ற பெரிய கான்செர்ட்டோக்களில் முதல் பகுதி ஒன்றே அந்த நேரத்தைத் தின்றுவிடும். அதனால் எல்லோரும் அந்த முதல் பகுதியை மட்டும் வாசித்துவிட்டுக் கும்பிட்டு இறங்குவது வழக்கம். எனக்கு அந்த வழக்கம் பிடிக்கவில்லை.

பிடிக்காததற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் பசுவந்தனைக்குப் பக்கம். அங்கே ஆர்கெஸ்ட்ரா என்றால் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்து சினிமாப் பாட்டு வாசிக்கிற குழு. பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே நான் அதில் கீபோர்டு வாசிக்கத் தொடங்கிவிட்டேன். கோவில்பட்டியைச் சுற்றி, அந்தப் பக்கம் புதூர் வரைக்கும், நான் ஏறாத கொடை மேடை குறைவு. மழை பெய்திருந்தால் கரிசல் மண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். கீபோர்டைத் தலையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு போயிருக்கிறேன்.

அத்தனை மேடையிலும் ஒரு பாட்டைக்கூட நான் கடைசிவரை வாசித்ததில்லை. பல்லவி முடிந்து சரணத்துக்குப் போகுமுன் கொடைக் கமிட்டிக்காரர் ஏறி மைக்கை வாங்கிவிடுவார். இன்னார் மகன் இன்னார் நன்கொடை என்று பெயர்களை வாசிப்பார். ஒரு பெயர் விட்டுப்போனால் அடிதடி. அவர் இறங்கும்போது வேறு பாட்டுக்குச் சீட்டு வந்திருக்கும். எங்கள் குழுவை நடத்திய அண்ணாச்சி முதல் கொடையிலேயே எனக்குச் சொன்னார்: "ஏலே, கமிட்டிக்காரரு படியில கால வச்சுட்டாருன்னா நீ கைய எடுத்துரணும். பாட்டு பெறகு. பேருதான் முக்கியம்."

நானும் எடுத்தேன். ஆனால் ஒன்றைக் கவனித்திருந்தேன். கமிட்டிக்காரர் கண்டபடி ஏற மாட்டார். பாட்டு எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கேதான் ஏறுவார். இடைவெளி விடாமல் வாசித்தால் படியிலேயே நிற்பார். இது தெரிந்தும் பல வருடம் கையை எடுத்துக்கொண்டிருந்தேன். கூலிக்கு வாசிக்கிறவன் வேறென்ன செய்வான்?

பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில்பட்டியில் ரயிலேறி மதுரைக்குப் போய், ஓர் அம்மாவிடம் பியானோ கற்றுக்கொண்டேன். வீட்டில் என்னிடம் இருந்தது அதே கொடைக் கீபோர்டுதான். பியானோவில் ஏழு ஸ்தாயிக்கு மேல் இருக்கும், என்னுடையதில் ஐந்து. பெரிய கான்செர்ட்டோ எதை எடுத்தாலும் பாதிச் சுரம் கீபோர்டுக்கு வெளியே விழும். நான் தேர்ந்தெடுத்தது டி மேஜர் சுருதியில் ஒரு பழைய கான்செர்ட்டோ. பியானோவே இவ்வளவு நீளமாக வளராத காலத்தில் எழுதப்பட்டது. மூன்று பகுதியும் சேர்ந்து இருபது நிமிடத்துக்குள் அடங்கும். ஏறக்குறைய என் கீபோர்டுக்குள்ளும் அடங்கும். அடியில் நாலைந்து சுரங்களுக்கு மட்டும் கட்டை கிடையாது. அந்த இடம் வரும்போது என் சுண்டுவிரல் மேசைப் பலகையில் "டொக்" என்று தட்டும்.

"அந்த டொக்கு வார எடம் நல்லாருக்குலே" என்பாள் அக்கா. அவள் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடைக்கிறவள். நான் பிறந்த பிறகு என்னைப் பார்த்துக்கொள்வதற்காக ஐந்தாம் வகுப்போடு அவளை நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்.

ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிறவர் சென்னையிலிருந்து போனில் பேசினார். அக்கா அவருக்கு வைத்த பெயர் குச்சிக்காரர். கையில் சின்னக் குச்சியை வைத்து ஆட்டுகிறவர் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

"இது சின்னப் பிள்ளைங்க போட்டியில வாசிக்கிறது தம்பி" என்றார். "கீபோர்டுல கட்டை பத்தலைன்னு இதை எடுத்தீங்களா?"

"அதுவும் ஒரு காரணம் சார்."

"இங்க வந்தா நல்ல பியானோ இருக்கு. பெரிய பீஸ் ஒண்ணோட முதல் மூவ்மென்ட் எடுங்க. ஆரம்பமே இடி மாதிரி இருக்கும். கரிசக்காட்டுலேர்ந்து ஒரு பையன் வந்து இடி இடிக்கிறான்னு நாலு பேர் எழுதுவாங்க. உங்க கதைக்கு அதுதான் பொருந்தும்."

என் கதையை நான் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அதற்குள் அவர் அதற்குப் பொருத்தம் பார்த்துவிட்டார்.

"மூணு பகுதியும் முழுசா வாசிக்கணும் சார்" என்றேன்.

"சரி, முதலும் மூணாவதும் வாசிங்க. நடுவுல உள்ளதை விட்டுடலாம். அதுல ஒண்ணும் நடக்காது."

"அந்த நடுப்பகுதிக்காகத்தான் சார் இதை எடுத்தேன்."

"ஒத்திகைக்கு வாங்க. கேட்டுட்டுச் சொல்றேன். சரிப்படலைன்னா, அந்த இருபது நிமிஷத்துக்கு இன்னொருத்தர் தயாரா இருக்கார்."

வேலை முடிந்து வந்த அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னலே, குச்சிக்காரரு என்ன சொல்லுதாரு?"

சொன்னேன்.

"பெருசுல ஒரு துண்டு கேக்காவளா? குடுத்துட்டு வா. நாம என்னத்த முழுசாப் பாத்தோம்?" தலைமுடியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டே சிரித்தாள். "நானும் பள்ளிக்கூடத்த அஞ்சு வரைக்கும் பாத்தேன். நல்ல கதைதான். பெறகு என்ன ஆச்சுன்னுதான் தெரியல."

நான் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்து அந்த நடுப்பகுதியை வாசித்தேன். அவள் கேட்டுக்கொண்டே காய் நறுக்கினாள்.

"இதுலதான் ஒண்ணும் நடக்கலையாமா?"

"அப்படித்தான் சொல்லுதாரு."

"தீப்பெட்டி ஆபீசுல எங்களுக்குந்தான் நாள் முழுக்க ஒண்ணும் நடக்கல. அதுக்காக எங்கள விட்டுட்டாவளாக்கும்?"

நான் தேர்ந்தெடுத்ததை மாற்றவில்லை.

சென்னையில் ஒத்திகைக்கூடம் குளிர்ந்து கிடந்தது. முதல் பகுதியைத் தொடங்குவது ஆர்கெஸ்ட்ராதான், பியானோ காத்திருக்க வேண்டும். எனக்குக் காத்திருந்து பழக்கமில்லை. கொடை மேடையில் வயலின், புல்லாங்குழல், பாஸ் எல்லாம் கீபோர்டுக்காரன் ஒருத்தன்தான். அவன் கையை எடுத்தால் பாட்டில் ஓட்டை விழும். அந்த நினைப்பில் என் கைகள் தாமாகவே கட்டையில் இறங்கி வயலின்காரர்களின் பகுதியைச் சேர்த்து வாசிக்கத் தொடங்கிவிட்டன.

குச்சிக்காரர் நிறுத்தினார். "தம்பி, வயலினுக்கு இங்க ஆள் இருக்காங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். மறுபடி தொடங்கினார்கள். எனக்கும் சேர்த்து இத்தனை பேர் வாசிப்பதை முதல் தடவையாகச் சும்மா உட்கார்ந்து கேட்டேன். என் முறை வந்தது. டொக் வர வேண்டிய இடத்தில் விரலுக்கடியில் நிஜமாகவே ஒரு கட்டை இருந்தது, கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஒரு கணம் பயந்துவிட்டேன். தடுமாறாமல் முடித்தேன்.

"நல்லாருக்கு" என்று குச்சிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரா மூணாவதுக்குப் போயிடலாமா?"

"நடுவுல உள்ளதையும் வாசிக்கணும் சார்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் அரை மனதோடு குச்சியைத் தூக்கினார். அந்தப் பகுதியை நான் வீட்டில் வாசித்த அதே நிதானத்தில்தான் வாசித்தேன். அவர் கொஞ்சம் வேகத்துக்கு இழுத்துப் பார்த்தார், நான் போகவில்லை. நடுவில் ஓரிடத்தில் அவரும் இழுப்பதை விட்டுவிட்டார். கடைசிச் சுரம் மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது. அவர் குச்சியை ஸ்டாண்டில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். வாய் திறந்தார்.

"சரி தம்பி, இதுல..."

எனக்கு அந்த முகம் தெரியும். கமிட்டிக்காரர் படியில் கால் வைத்துவிட்டார்.

மூன்றாவது பகுதியைத் தொடங்குவது பியானோ. அதற்கு யாரும் குச்சி தூக்க வேண்டியதில்லை. நான் தொடங்கினேன். நல்ல வேகத்தில், மூச்சுவிட இடம் கொடுக்காமல். முன்வரிசையில் இருந்த வயலின்கார அம்மா என்னைப் பார்த்தார், தன் தாளைப் பார்த்தார், வில்லைத் தூக்கிச் சரியான இடத்தில் வந்து சேர்ந்துகொண்டார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். எல்லோரும் ஒன்றாக இறங்க வேண்டிய இடம் வருவதற்குள் குச்சி மறுபடி குச்சிக்காரர் கைக்கு வந்திருந்தது.

முடிந்ததும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் பேசிட்டிருந்தேன் தம்பி."

"ஆமா சார்."

"மேடையிலயும் இப்படித்தானா?"

"மூணும் வாசிக்கலாம்னா இப்படி இல்ல சார். நீங்க சொல்ற வரைக்கும் காத்திருப்பேன்."

அந்த வயலின்கார அம்மாதான் முதலில் சிரித்தார். குச்சிக்காரர் தன் தாள்களை அடுக்கிக்கொண்டே, "மூணும் இருக்கட்டும்" என்றார். அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பரவாயில்லை.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னால் தீப்பெட்டி ஆபீஸ் இரைச்சல் கேட்டது.

"முழுசாவா?" என்றாள்.

"முழுசாத்தான்."

"அந்த டொக்கு?"

"இங்கன டொக்கு இல்லக்கா. கட்டை இருக்கு."

"அது இல்லாம என்ன பாட்டுலே அது" என்று வைத்துவிட்டாள்.