நோரா கேட்ட 'இஷ்கா'

முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற என் சகபாடிகளே, குளிப்பாட்டவும் தூக்கி இருத்தவும் நமக்குப் பழக்கினார்கள்; ஆங்கிலத்தை மறந்துபோனவரோடு எப்படிக் கதைப்பதென்று ஒருவரும் பழக்கவில்லை.

பறந்த பூனை

மெல்பேர்னில், ஸ்பிரிங்வேலுக்குப் பக்கத்தில் எங்கள் இல்லம். அங்கே இருந்த நோராவுக்குத் தொண்ணூற்றொரு வயது. அயர்லாந்தில் பிறந்தவர், பிள்ளைகள் இல்லை. மறதி நோய் முற்றி ஆங்கிலம் முழுதாகப் போய்விட்டது. இரண்டு நாளாக "இஷ்கா, இஷ்கா" என்று கட்டிலில் தட்டிக்கொண்டே இருந்தார். தேத்தண்ணி, ஜூஸ் எதை நீட்டினாலும் தள்ளிவிடுவார். இஷ்கா அவர் வளர்த்த பூனையாக இருக்கும் என்று நாங்களே முடிவுகட்டினோம். என்னோடு வேலை செய்யும் மதுரைக்காரி செல்வி பஞ்சுப் பூனையொன்றை வாங்கி வந்து அவர் மடியில் வைத்தாள். அது பறந்துபோய்ச் சுவரில் மோதியது.

செல்வி குனிந்து எடுத்தாள். "அப்ப நாயா இருக்கும்க்கா."

விளக்குத் திருத்த வந்தவர்

நோராவை அமைதிப்படுத்த நாளையிலிருந்து மாத்திரை என்று டாக்டர் எழுதிவிட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. அவர் உதடு வெடித்துக் கிடந்தது. அன்று நடைபாதை விளக்கைத் திருத்த வந்த எலக்ட்ரீசியனின் பேச்சு, நோராவின் பழைய ஆங்கிலம் போலவே இருந்தது. ஐரிஷ்காரர்தான். கையைப் பிடித்து இழுக்காத குறையாக அறைக்குக் கூட்டிப்போனேன். வாசலிலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

"அவர் தண்ணீர் கேட்கிறார். எங்கள் ஐரிஷ் மொழியில் இஷ்கா என்றால் தண்ணீர். 'இஷ்கா பாஹா' என்றால் உயிர்த் தண்ணீர், அதுதான் தேய்ந்து விஸ்கி ஆனது!"

மூன்று கிளாஸ்

நம்மவர்கள் சாராயத்தைத் தண்ணி என்பது நினைவுக்கு வந்து சிரிப்பு முட்டியது. சிரிக்க நேரமில்லை, ஓடினேன். பச்சைத் தண்ணீர், மூன்று கிளாஸ். நோரா ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்துவிட்டு என் கன்னத்தைத் தடவினார். பிறகு கட்டிலில் தட்டவே இல்லை. அடுத்த நாள் டாக்டர் வந்தபோது, கட்டிலின் தலைமாட்டில் எலக்ட்ரீசியனிடம் கேட்டு நான் எழுதி ஒட்டிய பத்து ஐரிஷ் சொற்கள் இருந்தன. அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். தான் எழுதிய மாத்திரையைச் சீட்டிலிருந்து வெட்டினார்.

"இந்தத் தாளை ஒருவரும் கழற்றக் கூடாது," என்றார்.

இத்தனை வருடமாக மெல்பேர்னில் என் ஆங்கில உச்சரிப்பைத் திருத்தாத ஆள் இல்லை, என் ஐரிஷைத் திருத்த மட்டும் இதுவரை ஒருவருக்கும் துணிவு வரவில்லை.