சிவப்பு மூடித் தீனி

ஆய்வுக்கூடத்தின் எலி அறையைக் கவனித்துக்கொள்ளும் அவருக்கு அங்கே எலியப்பா என்று பெயர். வீட்டில் ஓர் எலியைக் கண்டால் செருப்பைத் தேடும் மனிதர், வேலையிடத்தில் சினை எலியின் கூண்டைத் திறக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார்.

தீனி இரண்டு வகை டப்பாக்களில் வரும். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, மற்றதற்கு நீலம். எதில் என்ன கலந்திருக்கிறது என்று ஆராய்ச்சி நடத்தும் மேடத்துக்கே தெரியாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்குமாம். அறிவை வளர்க்கக் கட்டிய கட்டடத்தில், தெரியாமல் இருப்பதற்கு அத்தனை கட்டுப்பாடு! சினையாக இருக்கும்போது வைட்டமின் அளவு மாறினால் குட்டியின் நடத்தை மாறுமா என்பது கேள்வி; அது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

மாறியது. ஒரு பக்கம் புது எலி, மறுபக்கம் வெறும் டப்பா என்று வைத்த பெட்டியில் விட்டால், சிவப்பு மூடிக் குட்டிகள் டப்பாவோடு ஒட்டிக்கொண்டன. கோலிக்குண்டுகளைப் போட்டால் மரத்தூளுக்குள் புதைத்துக்கொண்டே இருந்தன. மனிதர்களில் ஆட்டிசம் என்கிறோமே, அதன் சாயல் என்றார் மேடம். சிவப்பில் சத்தில்லை என்று எலியப்பா தீர்ப்பெழுதிவிட்டார். அரைவயிற்றோடு வளர்ந்தவருக்கு, கூடினாலும் கெடும் என்று எப்படித் தோன்றும்?

வீட்டில் மகள் முழுகாமல் இருந்தாள். வைட்டமின் மாத்திரை பாதி நாள் வாந்தியோடு வந்துவிடும்.

"விட்டுடாத கண்ணு. சத்தில்லாம பொறந்த குட்டிங்க படுற பாட்டை நான் தினம் பாக்குறேன்."

"என்னையும் கூண்டுல சேத்துட்டீங்களாப்பா?" என்று சிரித்தாள் மகள். "டாக்டர் ஒண்ணு போதும்னாங்க."

"டாக்டர் எலியப் பாத்திருக்காங்களா?"

சிரித்தவள் பயந்துவிட்டாள். வாந்தி நின்ற பிறகும், டாக்டருக்காக ஒன்று, அப்பாவுக்காக ஒன்று என்று இரண்டாக விழுங்கினாள். எலியப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அவள் மூச்சு வாங்க நடக்கும் மாதத்தில் ஆய்வு முடிந்து, மூடிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். நீலம் வழக்கமான தீனி. சிவப்பில் வைட்டமின் மடங்கு மடங்காகக் கூடுதல்.

எலியப்பா மேடத்தின் மேசை முன் போய் நின்றார். "மனுஷங்களுக்கும் இப்படித்தானா மேடம்?"

"அப்படிச் சொல்ல முடியாதுண்ணா. எலிக்கு ஆனது எலிக்கு."

"ஒண்ணுக்கு ரெண்டா போட்டிருந்தா?"

மேடத்தின் குரல் இறங்கியது. "யாரு?"

சொன்னார்.

"பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க. பயந்துபோய் அடியோட நிறுத்திடாதீங்க, அது வேற வம்பு."

"ஒண்ணும் ஆகாதுதானே?"

"பெரும்பாலும் ஆகாதுண்ணா."

வழியெல்லாம் அந்த 'பெரும்பாலும்' செருப்புக்குள் கல்லாக உறுத்தியது. வீட்டில் மகள் உள்ளங்கையில் இரண்டு மாத்திரையோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணு போதும் கண்ணு. டாக்டர் சொன்னதுதான் சரி."

"ஏன், எலி வேற ஏதாவது சொல்லிச்சா?"

அவர் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பும் நின்றது.

"அப்போ இவ்வளவு மாசமா போட்டது? குழந்தைக்கு ஏதாவது ஆகுமாப்பா?"

ஆகாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஆகும் என்று சொல்லவும் அவரிடம் ஆதாரமில்லை.

"தெரியல கண்ணு."

"அன்னைக்கு மட்டும் எல்லாம் தெரிஞ்சுதே."

இப்போதே டாக்டரிடம் போகலாம் என்றார். கிளம்பினாள். படியிறங்கும்போது அவர் நீட்டிய கையைப் பிடிக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.